வேங்கடமும் வீதியும்

தமிழ்ச் சங்க மலர்களில் வேங்கடத்தைப் பற்றிய கட்டுரை இல்லாத மலரைக் காண்பது அரிது. அக்கட்டுரை பெரும்பாலும் பனம்பாரனாரிடம் தொடங்கும். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்று தொல்காப்பியப் பாயிரத்தில் அவர் வகுத்ததை எடுத்துக்காட்டும். இளங்கோவடிகளைத் தொட்டுக்கொண்டு ஆழ்வார்களிடம் செல்லும். குலசேகரர் அம்மலையில் ஒரு படியாகவேனும் கிடக்க விழைந்ததைச் சொல்லி மலையுச்சியில் கைகூப்பி முடியும். அவ்வகைக் கட்டுரைகளைக் குறைகூற நாம் வரவில்லை. அவற்றைப் படித்தே வேங்கடத்தின்மீது நமக்குப் பற்று வளர்ந்தது. ஆனால் அவற்றில் ஒன்று மட்டும் காணப்படுவதில்லை. எல்லைக்கோடு இருக்கிறது, மலை இருக்கிறது, மலைமேல் இறைவன் இருக்கிறான்; மலையடியில் விடியற்காலையில் கதவு திறந்து, வாசல் தெளித்து, பக்கத்து வீட்டில் உறைமோர் இரவல் கேட்டு வாழும் மக்கள் இல்லை.

தமிழ்நாட்டு யாத்திரிகர் வழக்கில் திருப்பதி நகரத்துக்குக் 'கீழ்த்திருப்பதி' என்று பெயர். மேலே போவதற்கு முன் மிதிக்கும் ஒரு படி என்பதுபோல் ஒரு நகரத்தையே அச்சொல் ஆக்கிவிடுகிறது. இரவு பேருந்தேறி, முடி இறக்கி, வரிசையில் நின்று, லட்டுப் பொட்டலத்துடன் மறுநாள் ஊர் திரும்புகிறவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். கோவிந்தராசர் கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்குப் போதாது. நம் இலக்கியமும் அந்த யாத்திரிகரைப் போலவே இம்மண்ணின்மேல் நடந்து போயிருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி. ஊர்விட்டு ஊர் வந்து, வேறொரு மொழி புழங்கும் தெருவில் வீடு பிடித்து, பிள்ளைகளை அத்தெருவின் பிள்ளைகளோடு விளையாட விட்டிருக்கும் குடும்பங்கள் நாம். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்ந்த தமிழரை எழுத்து எவ்வாறு கண்டது என்பது நமக்கு வேடிக்கைக் கேள்வியன்று.

சங்கப் புலவருள் வேங்கடத்தை மிகுதியும் பாடியவர் மாமூலனார். அவருடைய அகநானூற்றுப் பாடல்களில் தலைவன் பொருள் தேடி வேங்கடத்தைக் கடந்து, மொழி மாறும் நாட்டுக்குப் போகிறான். அகநானூற்றின் 61-ஆம் பாட்டில், தலைவியைத் தேற்றும் தோழி ஒரு நுட்பமான வாதத்தை வைக்கிறாள். கள்வர் தலைவனாகிய புல்லியின் வேங்கடம், விழாக்கள் நிறைந்த பெருஞ்சிறப்புடைய வேங்கடம், அதுவே கைக்குக் கிடைத்தாலும் உன் தலைவன் அங்குத் தங்கிப் 'பழகி'விடமாட்டான் என்கிறாள். உரைகள் புல்லியின் வள்ளன்மையையும் வேங்கடத்தின் விழாச் சிறப்பையும் விரித்துரைக்கின்றன. நாம் நின்று பார்க்க வேண்டியது பழகுதல் என்னும் வினையைத்தான். தோழி அஞ்சுவது வழியிலுள்ள கொடுவிலங்குகளுக்கும் ஆறலைகள்வருக்கும் அன்று. அவன் அந்த ஊருக்குப் பழகிவிடுவானோ என்பதற்கே. அயலூர் ஒருவனை வெல்வதற்குப் படை வேண்டியதில்லை; அவ்வூரின் விழாக்களும் அண்டை வீட்டாரின் முகமும் போதும். புலம்பெயர்ந்தவர் வீட்டில் எஞ்சியிருப்போரின் அச்சம் இதுவே என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வீடுகளில் நம் தாய்மார் தொலைபேசியின் மறுமுனையில் இதே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்!

வரலாற்றில் தோழியின் நம்பிக்கை பலிக்கவில்லை. தமிழர் வேங்கடத்தில் பழகினார்கள். திருமலையிலும் திருப்பதியிலும் பதிவான கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் பொறிக்கப்பட்டவை. இவற்றை நாம் மொழிப்பெருமைக்குச் சான்றாகக் காட்டுவதோடு நின்றுவிடுகிறோம். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் வீட்டுக் கணக்கு: இன்ன நாளில் இத்தனை நாழி அரிசி, இத்தனை ஆழாக்கு நெய், மிளகு, பயறு, கொடையாகத் தந்த பணத்தில் கோயில் ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுவது, படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்கு உரிய பங்கு இவ்வளவு என்பது. அப்பங்குக்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். விசயநகர மன்னர் காலத்திலும் இக்கணக்குத் தமிழில் எழுதப்பட்டது. அதே காலத்தில் அதே மலையில் தாளப்பாக்கம் அன்னமாசாரியார் தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு ஒரு மொழியிலும் பண்டாரக் கணக்கு இன்னொரு மொழியிலும் நடந்த கோயில் அது. இன்றும் மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. இவற்றையெல்லாம் ஒரு தெருவின் பழக்கமாகப் படிக்க நாம் இன்னும் கற்கவில்லை.

இனி எல்லையின் கதை. வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் சித்தூரே தலைநகராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சித்தூர், நகரி, புத்தூர், திருப்பதி ஆகியவை ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. ஒரே வீட்டில் பிறந்த மூன்று தலைமுறையினர், வீட்டை விட்டு நகராமலே, மூன்று முகவரிகளில் பிறந்திருக்கக்கூடிய நிலம் இது.

இவ்வெல்லைப் போராட்டத்தின் இலக்கியம் என்று நமக்கு வாய்த்தது முதன்மையாக ம.பொ.சிவஞானத்தின் எழுத்து. விடுதலைக்கு மறுநாள், 1947 ஆகஸ்ட் 16 அன்று, அவர் தம் தோழர்களோடு திருப்பதிக்குச் சென்று வேங்கடத்தைக் கோரிய நிகழ்ச்சியும், மங்கலங்கிழார் போன்றோர் ஊரூராகத் தமிழ் வளர்த்த பணியும் 'எனது போராட்டம்' முதலான நூல்களில் பதிவாகியுள்ளன. அவற்றின் மதிப்பு பெரிது. அந்த இயக்கம் இல்லாவிடில் திருத்தணி கிடைத்திராது என்பது நம் துணிபு. ஆயினும் இலக்கியமாக மதிப்பிடுங்கால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்நூல்களில் மக்கள் கூட்டமாகவே வருகிறார்கள். கொடி பிடிக்கிறார்கள், சிறை செல்கிறார்கள், ஆர்ப்பரிக்கிறார்கள். கூட்டம் கலைந்த பின் அவர்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் அன்று மாலை என்ன பேசினார், மறுநாள் குழாயடியில் அந்த இரு வீட்டுப் பெண்களும் முகம் பார்த்துக்கொண்டார்களா, இவை அங்கே இல்லை. இயக்கத்தின் வரலாற்றை எழுதியவரிடம் இவற்றை எதிர்பார்ப்பது முறையாகாது. இவை கதைஞன் எழுத வேண்டியவை. கதைஞர்கள் எழுதினார்களா?

எழுதுவதற்கு அங்கே என்ன இல்லை! நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் விசைத்தறியின் ஓசை தெருவுக்குத் தாளமாக இருக்கிறது. தறிக்காரர் வீடுகளில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் நடமாடுகின்றன. எலும்பு முறிந்தால் சென்னையிலிருந்தும் ஓடிவரும் புத்தூர்க் கட்டு அம்மண்ணுக்கு உரியது. பச்சிலையும் மூங்கில் சிம்பும் கொண்டு கட்டும் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டு நகரங்கள்தோறும் தொங்குகின்றன. சித்தூரில் பேருந்தேறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். நோய்க்கு வேலூர் மருத்துவமனை, திருமணப் பட்டுக்குக் காஞ்சிபுரம், அலுவலகக் காரியத்துக்கு முன்னாளில் ஐதராபாத் என்று ஒரு குடும்பத்தின் தேவைகள் மூன்று திசைகளில் இழுபட்ட ஊர் அது. 'அண்ணா', 'அக்கா' என்னும் முறைச்சொற்களை இரு மொழியாரும் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தானுக்கும் பாவாவுக்கும் இடையில்தான் வீடு பிரிகிறது. பிள்ளையைத் தெலுங்கு வழியில் சேர்ப்பதா, தமிழ் வழியில் சேர்ப்பதா என்பது ஒரு காலத்தில் திண்ணைகளில் பேசி முடிவு செய்யப்பட்ட செய்தி. பின்னர் ஆங்கில வழி வந்து இரண்டையும் ஒருங்கே தள்ளிவிட்டது. ஒரு குடும்பத்தின் மனமாற்றமும் ஒரு சமுதாயத்தின் மாற்றமும் ஒரே வாசற்படியில் நிகழும் இடங்கள் இவை.

பழைய வட ஆர்க்காட்டின் தெருவை எழுதிய தமிழ் நாவல் என்று கேட்டால் மு.வரதராசனாரின் 'அகல் விளக்கு' நினைவுக்கு வரும். 1961-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நாவல் வாலாசாப்பேட்டையில் தொடங்குகிறது. பெருங்காஞ்சி என்னும் சிற்றூரிலிருந்து படிக்க வந்த சந்திரனும் உள்ளூர்ப் பையனாகிய வேலய்யனும் நண்பர்களாவதைச் சொல்லும் முற்பகுதியில் தெருவின் காற்று நன்றாக வீசுகிறது. அண்டை வீட்டுப் பெண்மணி தாய்போல் நடந்துகொள்வதும், வந்தவனின் அழகைக் கண்டு தெரு வியப்பதும் உயிருள்ள பக்கங்கள். ஆனால் மு.வ. ஆசிரியர். சந்திரன் மின்னலைப் போல் ஒளிர்ந்து அழிவதையும் வேலய்யன் அகலைப் போல் நின்றெரிவதையும் காட்டவேண்டும் என்னும் நோக்கம் கதையை விரைவில் தெருவிலிருந்து பிரித்து எடுத்துச் சென்றுவிடுகிறது. அந்தத் தெரு சித்தூரின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மாவட்டம் பிரிந்தபோது நினைவும் பிரிந்துவிட்டது போலும்.

எதிர்த்திசைப் பயணத்துக்கோ நமக்குக் காவியமே இருக்கிறது. கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சித் தெற்கே நடந்து, கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பத்தின் கதை அது. நூறாண்டு கடந்த மூதாட்டி மங்கத்தாயாரம்மாளின் வாய்மொழியில், பேரழகி சென்னாதேவியின் பொருட்டு நிகழ்ந்த அந்த ஓட்டம், ஆற்றின் குறுக்கே மரம் வளைந்து கொடுத்த அற்புதத்தோடு சொல்லப்படுகிறது. அதை ஒரு தமிழ் நாவலாகவே நாம் கொண்டாடினோம். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் அகாதெமிப் பரிசும் பெற்றது. தெற்கே வந்த தெலுங்கர் தாம் பழகிய கதையை, பழகிய மொழியிலேயே, இவ்வளவு நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். வடக்கே நின்றுவிட்ட தமிழரின் கதைக்கு அந்நூலின் அருகில் வைக்கத்தக்க தமிழ் நாவல் ஒன்றை நாம் சுட்டிக்காட்ட இயலவில்லை. நம்மிடையே நிலத்தை இழந்த வருத்தம் பேசப்பட்டிருக்கிறது. நிலத்தில் வாழ்ந்துகொண்டே இருந்தவர்களின் வாழ்வு பேசப்படவில்லை. நாம் வருந்திக்கொண்டிருந்த நாள்களிலெல்லாம் அவர்கள் அங்கே பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் சீட்டுக் கட்டியும் வீடு மாற்றியும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

தெலுங்கர் இத்தெருக்களை எழுதினார்கள். அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. தெலுங்குத் திறனாய்வின் முன்னோடிகளுள் ஒருவரான கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியே சித்தூர்க்காரர். மதுராந்தகம் ராஜாராம் (1930–1999) சித்தூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர். 1993-இல் தம் கதைத் தொகுதிக்காகச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். அவருடைய இல்லப்பெயர் செங்கற்பட்டுப் பக்கத்து ஊரின் பெயர் என்பதைத் தமிழர் எவரும் கவனிக்காமல் இருக்க முடியாது. சிறு உழவர், கூலிக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் ஆகியோரை அவர் இரக்கத்தோடு எழுதினார். அவருடைய நடை மென்மையானது. சில வேளை அளவுக்கு மீறிய மென்மை என்றும் சொல்லலாம், மு.வ.விடம் காணும் ஆசிரியர் குணம் இவரிடமும் உண்டு. ஆயினும் இவர் தம் ஊரை விட்டுக் கதையை வெளியே கொண்டுபோய்விடவில்லை.

நாமினி சுப்ரமணியம் நாயுடு வேறு வகையினர். திருப்பதிப் பக்கத்து மிட்டூரில் பிறந்த இவர், அம்மண்ணின் பேச்சுத் தெலுங்கையே எழுத்தாக்கினார். 'பச்சனாகு சாக்ஷிகா' என்னும் அவருடைய கதைவரிசையின் பெயருக்குப் 'பச்சை இலை சாட்சியாக' என்பது பொருள். ஒரு சிறுவன் தன் தாயைப் பற்றியும் வீட்டின் வறுமையைப் பற்றியும் வயலைப் பற்றியும் சொல்லும் கதைகள். செய்தித்தாளும் பாடநூலும் வகுத்துவைத்த கடற்கரை மாவட்டத் தெலுங்கு ஒருபுறம் இருக்க, தன் தாய் பேசிய மொழியைத் தாழ்ந்தது என்று எண்ணாமல் அவர் எழுதியதே அக்கதைகளின் வலிமை. அத்தெலுங்கில் தமிழின் வாடை உண்டு. சித்தூர்த் தெலுங்கின் இயல்பு அது. அவருடைய கதைகளில் வறுமை இருக்கிறது, ஒப்பாரி இல்லை. அடித்துக்கொள்கிறார்கள், திட்டிக்கொள்கிறார்கள், உடனே சிரித்தும் விடுகிறார்கள். 'முனிகன்னடி சேத்யம்' என்னும் நெடுங்கதையில் ஓர் உழவன் வற்றும் நிலத்தோடு போராடுவதைப் படிக்கையில், இராயலசீமையின் வறட்சியைப் பற்றிய அறிக்கைகள் சொல்லாததைச் சொல்லக் காண்கிறோம். சமுதாயத்தின் பெரிய மாற்றத்தை எழுதப்போகிறேன் என்று நாமினி எங்கும் அறிவிப்பதில்லை. வீட்டில் நடப்பதைச் சொல்கிறார். மாற்றம் தானே வந்து உட்காருகிறது. இக்கதைகளை நம் வீட்டுக் கதைகளாகத் தமிழர் படிக்க வேண்டும். வேலூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த எவருக்கும் அந்தத் தாய் அயலவள் ஆகமாட்டாள்.

திருப்பதி நகரத் தெருவை இன்னும் கூர்ந்து கண்டவர் இம்மண்ணில் பிறவாத ஓர் அம்மையார். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், திருப்பதி கங்கம்மா திருவிழாவைப் பற்றி எழுதிய நூல் 2013-இல் வெளிவந்தது. 'உலகம் பெண்ணாகும்போது' என்பது அதன் தலைப்பின் பொருள். மே மாதத்தில் ஒரு வாரம் நடக்கும் அவ்விழாவில் ஆடவர் சேலை உடுத்தி, பொட்டும் பூவும் வைத்துத் தெருவில் வருவர். பெண்களை வன்கொடுமை செய்த பாளையக்காரன் ஒருவனை வெவ்வேறு வேடங்களில் தேடிக் கங்கம்மா அழித்த கதையை அவ்வேடங்கள் நடித்துக் காட்டுகின்றன: பைராகி, தோட்டி, துரை, மாதங்கி, பேரண்டாலு. தலைமை வேடங்களைக் கட்டும் உரிமையுடைய குடும்பத்தார் 'கைகால' குலத்தினர். நெசவுத் தொழிலையுடைய அக்குலப்பெயர் நம் கைக்கோளரை நினைவூட்டாமல் போகாது. விழாத் தொடங்கும்போது, ஊரார் எவரும் அது முடியும்வரை வெளியூரில் தங்கலாகாது என்று பறை அறைந்து அறிவிப்பார்கள். மாமூலனாரின் தோழிக்கு இச்செய்தி எட்டியிருந்தால் அவள் அச்சம் இரட்டித்திருக்கும்! மலைமேல் உள்ள வேங்கடவனுக்குக் கங்கம்மா தங்கை என்பது ஊரின் நம்பிக்கை. தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. மேலே உலகெங்கும் அறிந்த அண்ணன். கீழே தெருவோர் மட்டும் அறிந்த தங்கை.

அந்நூலில் நமக்கு மிக வேண்டியதாகத் தோன்றுவது விழாவின் வண்ணனை அன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கங்கம்மாவோடு இருந்த உறவு எவ்வாறு மாறியது என்பதை ஆசிரியர் வீடு வீடாகச் சென்று கேட்டிருக்கிறார். தாத்தய்யகுண்டா கோயிலில் தலைமுறையாகப் பணிசெய்து, பின்னர் அப்பணியை இழந்த ஒரு முதலியார் குடும்பத்துக்கு அதில் தனியே இடம் உண்டு. அம்மனுக்குப் பொட்டுக் கட்டிய 'மாதம்மா'க்கள் ஒரு காலத்தில் பெற்றிருந்த நடமாட்ட உரிமையும், சீர்திருத்தம் வந்தபின் அவர்கள் எய்திய தனிமையும் உண்டு. சீர்திருத்தம் நல்லதுதானே என்று நாம் எளிதில் கடந்துவிடும் இடத்தில் அவர் நின்று, அதனால் யார் எதை இழந்தார் என்று கேட்கிறார். ஆராய்ச்சி நூலுக்குரிய வறட்சி சில பக்கங்களில் இருப்பினும், கோயில் வளர்ந்து, கட்டடம் உயர்ந்து, பூசை முறை மாறும்போது முதலில் இடம் பெயர்கிறவர்கள் பக்கத்துத் தெருவார் என்பதை நாவலுக்கு நிகராக உணர்த்துகிறது அந்நூல். பன்னாளாக அத்தெருவிலேயே இருக்கும் தமிழ் எழுத்தாளன் கண்ணில் படாதது கடல்கடந்து வந்தவர் கண்ணில் பட்டதே என்னும் ஆற்றாமை நமக்கு எழாமல் இல்லை.

தமிழனால் இது இயலாது என்று கருதவும் இடமில்லை. வேற்றுமொழி நகரத்தின் தெருவைத் தமிழில் எழுதுவது எவ்வாறு என்பதற்கு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) இருக்கிறது. களம் திருப்பதியன்று; நிஜாம் ஆட்சியிலிருந்த செகந்திராபாத். ஆயினும் நாம் தேடும் நூலுக்குரிய இலக்கணம் முழுவதும் அதில் கிடைப்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நிஜாம் அரசின் இரயில்வேயில் பணிபுரியும் தந்தை. லான்சர் பாரக்ஸ் என்னும் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் தமிழர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர், தெலுங்கர். கிரிக்கெட் ஆட்டத்தில் உயிரை வைத்திருக்கும் கல்லூரி மாணவன் சந்திரசேகரன். 1947, 48-ஆம் ஆண்டுகள். ஐதராபாத் இந்தியாவோடு சேருமா சேராதா என்னும் கேள்வி நாட்டை உலுக்கிக்கொண்டிருக்கையில், நாவலின் பக்கங்களில் நிகழ்வன யாவை? சைக்கிள் மிதித்துப் பந்தாடப் போவது, வீட்டு மாடு தொலைந்து அதைத் தேடி அலைவது, பக்கத்து வீட்டாரோடு வேலி ஓரத்தில் பேசுவது, திடீரென்று புதிதாகக் குடிவந்தவர்களைக் கண்டு விலகுவது. நேற்றுவரை ஆட்டத்தில் தோழனாக இருந்தவனின் பார்வையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று எவரும் சொல்வதில்லை. ரஜாக்கர்களைப் பற்றிய வரலாற்று நூல் ஓர் அத்தியாயத்தில் விளக்குவதை அசோகமித்திரன் ஒரு வணக்கம் திருப்பிச் சொல்லப்படாததில் காட்டிவிடுகிறார்.

அந்நாவலின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. சில அத்தியாயங்களைச் சந்திரசேகரன் 'நான்' என்று சொல்கிறான். வேறு சிலவற்றில் ஆசிரியர் அவனைப் படர்க்கையில் வைத்துச் சொல்கிறார். முதலில் படிப்போருக்கு இது ஆசிரியரின் கவனக்குறைவோ என்று தோன்றக்கூடும். மீண்டும் படிக்கும்போது, ஒருவன் தன்னைத் தானாக உணர்வதும், கூட்டத்துள் ஒருவனாகத் தன்னை எட்டி நின்று காண்பதும் மாறி மாறி வருவதற்கேற்ற வடிவம் இது என்பது புலனாகிறது. தனிமனித மாற்றம், சமுதாய மாற்றம் என்று நாம் கட்டுரைத் தலைப்புகளில் இணைத்து எழுதும் இரண்டும் ஒரே உடலுக்குள் எவ்வாறு ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன என்பதை அந்த வடிவமே தாங்கி நிற்கிறது.

முடிவுப் பகுதியை மறக்க ஒண்ணாது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாம் ஆட்சி வீழ்ந்தபின், அஞ்சவேண்டியவர்கள் மாறிவிடுகிறார்கள். கலவரத்துக்கு ஒதுங்கச் சுவரேறிக் குதிக்கும் சந்திரசேகரன் ஓர் ஏழை முஸ்லிம் வீட்டுக்குள் விழுகிறான். அவனைக் கொள்ளையிட வந்தவன் என்றெண்ணிய அவ்வீட்டின் சிறுபெண், தன் குடும்பத்தைக் காக்கும்பொருட்டுத் தன் ஆடையைக் களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் குமட்டலோடு ஓடுகிறான். ஓராண்டாகத் தன்னை அஞ்சுகிறவனாகவே எண்ணிவந்த ஓர் இளைஞன், தானும் ஒருவருக்கு அச்சமாக ஆகிவிட்டதை அந்தக் கணத்தில் அறிகிறான். சிறுபான்மையாக வாழும் குடும்பங்களுக்கு இதைவிடக் கடுமையான பாடத்தைத் தமிழ் நாவல் எதுவும் சொன்னதாக நாம் அறியோம். நம் துன்பத்தை மட்டும் எழுதுவது எளிது. அசோகமித்திரன் அந்த எளிமைக்கு இணங்கவில்லை. ஊரை விட்டுச் சென்னை வந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இந்நாவல் வெளிவந்தது என்பதையும் கருதவேண்டும். தெருவை எழுதுவதற்கு அவ்வளவு தொலைவு அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

சித்தூர், திருப்பதித் தெருக்களில் அத்தகைய குருதி சிந்தப்படவில்லை. அதனாலேயே அங்கே கதை இல்லை என்று கருதிவிட்டோமோ என்னவோ. அங்கு நிகழ்ந்தது மெதுவானது. மூத்த மகன் தமிழில் கையெழுத்திடுகிறான், இளையவன் தெலுங்கில் இடுகிறான், பேத்தி ஆங்கிலத்தில் மட்டும் இடுகிறாள். பாட்டி திருப்பாவை சொல்கிறாள். பேத்தி அதைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட நூலிலிருந்து படித்துக் கூடச் சொல்கிறாள். 1960-இல் திருத்தணிக்குப் பெண் கொடுத்த குடும்பம், மறுநாள் முதல் மகளை வேறு மாநிலத்தில் போய்ப் பார்க்கிறது. எவரும் எவரையும் துரத்தவில்லை. ஒரு மொழி வாசலிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கும், அங்கிருந்து பூசை அறைக்கும் ஒதுங்கிக்கொண்டே போவதை எழுத, கலவரத்தை எழுதுவதைவிட மிகுதியான பொறுமை வேண்டும்.

அதை எழுத முனைவோருக்கு முதல் தடை உரையாடலில் வரும். அசோகமித்திரன் உருதுவில் நிகழும் பேச்சையும் ஆங்கிலத்தில் நிகழும் பேச்சையும் பெரும்பாலும் அடையாளம் தெரியாத எளிய தமிழில் தந்துவிட்டார். செகந்திராபாத்தில் மொழிகள் வீட்டுக்கு வீடு பிரிந்திருந்ததால் அவருக்கு அது ஒத்துவந்தது. கி.ரா. தெலுங்குச் சொற்களைக் கரிசல் தமிழுக்குள் ஆங்காங்கே தூவி வாசனை காட்டினார். நகரித் தெருவில் இவ்விரண்டு வழிகளும் போதா. அங்கே ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிகிறது. விலை பேசும்போது ஒரு மொழி, விலை படியாதபோது வேறொரு மொழி. கோபத்துக்குத் தெலுங்கு, கொஞ்சலுக்குத் தமிழ், சில வீடுகளில் இது நேர்மாறு. அதைப் பிரித்து இரு மொழியாக எழுதினால் தெரு பொய்யாகிவிடும். ஒன்றாக்கித் தமிழில் மட்டும் எழுதினாலும் பொய்யாகிவிடும். நாமினி தம் பக்கத்திலிருந்து, தெலுங்கை ஒருசிறிதும் திருத்தாமல், இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார். தமிழின் பக்கத்திலிருந்து விடை காண்பவர் நகரியிலோ புத்தூரிலோ இப்பொழுது பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகவேனும் இருக்கிறதா என்று கேட்டறிவது சங்கங்களின் வேலை.